நீ மேடையில் போட்ட குரல்

பாப்பா,

சங்கு அக்காவின் வேலை போனதற்கு நீதான் காரணம். நலம் விசாரித்துவிட்டு மெதுவாக இதற்கு வரலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்படி ஆரம்பித்தால் கடைசிவரை நலத்தையே எழுதி மூடிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் முதலில் அதை எழுதிவிட்டேன், இப்போது நலம். இங்கே நானும் அப்பாவும் அண்ணனும் இருக்கிறோம், கைகால்கள் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, அப்பாவுக்கு முழங்கால், எனக்கு இடுப்பு, அண்ணனுக்கு வாய், மற்றபடி குறையில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் நீ அதற்குப் பெயர் வைத்துவிடுகிறாய், அந்தப் பெயரைக் கேட்டதும் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடுகிறது. தாளில் நீ குறுக்கே வர முடியாது. இன்று வாரவிடுமுறை, அப்பா வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார், சமையல் மேடையைத் துடைத்துவிட்டு அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன், எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கள் சலவைக்கூடத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, விடுமுறையில் வந்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாய். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கருத்தரங்கு மேடையில் நீ பேசியதைப் பார்த்தபோது அது நான் தினமும் போகும் இடம்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நீ "உழைப்பு வெளி" என்றாய், "படிநிலை" என்றாய். நான் சொல்வது ஒரு சுவர். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் வரும் துணிகள் சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கும், ரத்தமும் மற்றதும் ஒட்டிய விரிப்புகள், ஆபரேஷன் அங்கிகள், சில நாள் உள்ளே ஊசி கூட இருக்கும், அதைப் பிரித்துப் போடுகிறவர்கள் அழுக்குப் பக்கம். துவைத்து வெளியே வந்ததை உருளையில் விட்டுத் தேய்த்து மடிக்கிறவர்கள் நாங்கள், சுத்தப் பக்கம். அவர்கள் குடிக்கும் தண்ணீர் டிரம் வேறு, எங்கள் டிரம் வேறு, யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. இதை நீ சரியாகத்தான் சொன்னாய். இதில் எனக்கு உன்மேல் கோபம் இல்லை.

கோபம் உருளையில்தான் ஆரம்பிக்கிறது. ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உள்ளே விட வேண்டும், சூட்டில் உருளை அதை இழுத்துக்கொண்டு போகும், கையை எடுக்க ஒரு கணம் தாமதித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். உருளையை ஓட்டுகிற ரோலர்காரர் அந்தக் கோடியில் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார், நடுவில் ஆவியும் துணியும், அவர் கண்ணுக்கு நாங்கள் தெரிய மாட்டோம். நாங்கள் நிற்கும் பக்கம் அவசரத்துக்கு அழுத்த ஒரு சிவப்புப் பட்டன் உண்டு, அது செத்து எத்தனையோ காலம் ஆயிற்று, அதன்மேல் யாரோ டேப் ஒட்டி, டேப்பும் பழுத்துவிட்டது. ஆகவே துணி சுருண்டாலோ யார் கையாவது மாட்டினாலோ ஒரே வழி, சங்கு அக்கா போடும் சத்தம். "நிறுத்து" என்று அவள் ஒரு குரல் விட்டால் ரோலர்காரர் என்ன ஏது என்று பார்க்க மாட்டார், கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும். அந்த இரைச்சலில் வேறு யார் கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அதற்காகவே அவளை முதல் முனையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சங்கு என்ற பெயர் வந்ததும் அதனால்தான், அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

உன் படிப்புக்காக நீ வந்து எல்லோரிடமும் பேசின நாட்களில் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். எதற்கு, யாருக்கு, பேப்பரில் வருமா என்று கேட்டார்கள். நீ ஒரு தாளை எடுத்துப் படித்தாய், விருப்பப்பட்டால் பேசலாம், விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றெல்லாம். அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என்ன பாப்பா, ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கற மாதிரி வாங்கற" என்று சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏ மடிப்பு, உன் பொண்ணுதானே, பேசலாம்ல?" என்று கேட்டாள். மடிப்பு மேசையில் நிற்பதால் எனக்கு அங்கே அதுதான் பெயர். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. நீ அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டாய்.

அப்புறம் அவள் பேசியது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், நீதான் அதைப் பதிவு செய்து எடுத்துப் போய்த் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பாய். "செவப்பு பட்டனா? அது சும்மா அழகுக்கு இருக்கு. அழுத்திப் பாரு, ஒண்ணும் நடக்காது. இங்க பட்டன் என் தொண்டைதான். எனக்குத் தொண்டை கட்டுச்சுன்னா அன்னிக்கு எவளுக்கோ விரல் போகும்னு அர்த்தம். வருஷா வருஷம் ஆபீஸ்ல இருந்து வந்து பார்க்கறாங்க, அன்னிக்கு மட்டும் ரோலரை ஓட்ட மாட்டாங்க, ஓட்டினாத்தானே பட்டனை அழுத்திப் பார்க்கத் தோணும்?" என்று சொல்லிவிட்டு அவளுடைய அந்தச் சிரிப்பு. அதை அப்படியே மேடையில் போட்டாய். பெயரை மாற்றினாய், ஊரைச் சொல்லவில்லை, முகத்தைக் காட்டவில்லை, ஏதோ ஒரு பூவின் பெயரை வைத்து "இவர் ஒரு சலவைத் தொழிலாளி" என்றாய். எல்லாம் செய்தாய். குரலை மட்டும் குரலாகவே விட்டுவிட்டாய். எங்கள் கூடத்தில் ஒருத்தியை அடையாளம் காட்ட முகமா வேண்டும்? அவள் முகத்தைப் பாதிப் பேர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை, ஆவியில் யார் முகம் தெரிகிறது.

நீ பேசின வீடியோ படம் எங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டாயே, உன் அண்ணனால் வந்தது. தங்கச்சி மேடையில் பேசுகிறாள், பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை, பார்சல் கொடுக்கிற வீட்டுக்காரர்களுக்குக்கூடக் காட்டியிருக்கிறான். துணி வண்டி ஓட்டுகிற அவனுடைய சிநேகிதனுக்கு அனுப்பினான், அந்தப் பையன் எங்கள் சலவைக்கூடத்து குரூப்பில் போட்டுவிட்டான். அவனைத் திட்டாதே, நான் போதுமான அளவு திட்டிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். நீ பேசுவது எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை, ஆனாலும் நீ கையை அசைத்து அசைத்துப் பேசுவதைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். உன் தலைக்கு மேல் பெரிய எழுத்தில் "குரலற்றவர்களின் குரல்" என்று எழுதியிருந்தது. அதைக் கொஞ்சம் படிக்கத் தெரிந்தவள் படித்துச் சொன்னதும் பெஞ்சே ஆடும்படி சிரித்தார்கள். "சங்குக்குக் குரல் இல்லையாம்டி! அப்ப நமக்கெல்லாம் காது இல்ல போல" என்று ஒருத்தி. அக்காதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள், "இன்னொரு தடவை போடு, என் சிரிப்பு வர்ற இடத்தைப் போடு" என்று கேட்டுக் கேட்டுப் போடச் சொன்னாள். உன் முன்னால் இருந்தவர்களும் அந்த இடத்தில்தான் சிரித்துக் கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் கதவருகில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருக்கிறார். அவர் சிரிக்கவில்லை. யார் குரல் என்று கேட்கக்கூட இல்லை.

மறுநாள் அவளை அறைக்குக் கூப்பிட்டார், என்னையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார். "வீட்டு விஷயத்தை வெளிய சொல்வீங்களாம்மா?" என்று கேட்டார். அக்கா விடுவாளா, "இது எங்க வீடா சார்? அப்ப சாவியைக் குடுங்க, பூட்டிட்டுப் போறோம்" என்றாள். சூப்பர்வைசர் என்னிடம் திரும்பி, குரலைத் தணித்து, "உங்க பொண்ணு நல்லா பேசுதும்மா, நல்லா படிக்க வைங்க" என்றார். அவர் என்னிடம் அப்படி மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், உன் படம் அவர்கள் வரைக்கும் போயிருக்கிறது. உருளையை ஓட்டச் சொல்லிப் பட்டனை அழுத்திப் பார்த்தார்கள். அதற்கடுத்த சில நாட்களில் புதுப் பட்டன் வந்துவிட்டது, பக்கத்திலேயே இழுத்து நிறுத்த ஒரு கயிறும் கட்டினார்கள். அது வேலை செய்கிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் கைச்சட்டை ஓரம் மாட்டிவிட்டது, அவள் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள், உருளை நின்றுவிட்டது, மணிக்கட்டில் ஒரு சிவந்த கோடு மட்டும்தான். அந்தப் பெண்ணின் கை உன்னால் பிழைத்தது. இதை நான் எழுதாமல் விட்டால் நியாயமில்லை, எழுதிவிட்டேன், சந்தோஷப்பட்டுக்கொள். இப்போது மீதியையும் கேள்.

பட்டன் வந்த மறுநாள் சூப்பர்வைசர் அக்காவிடம், "இப்பத்தான் பட்டன் இருக்கே, கத்தறதுக்குன்னு ஒரு ஆள் எதுக்கு?" என்று சொல்லி அவளைச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார். போகிறபோது அவள் என்னிடம், "பார்த்தியா மடிப்பு, நான் சொன்னதைக் கேட்டு என் வேலையைப் பட்டன்கிட்ட குடுத்துட்டாங்க" என்றாள், அப்போதும் சிரிப்புத்தான். அழுக்குப் பக்கத்தில் முதல் நாளே மெல்லிய கையுறையைக் காட்டி, இது கையுறையா பாலித்தீன் பையா, இதைப் போட்டுக்கொண்டு ஊசியை எப்படித் தொடுவது என்று கேட்டிருக்கிறாள். அவள் மெதுவாகக் கேட்டாலே கூடம் முழுக்கக் கேட்கும், இது மெதுவாகவும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்களாம். கொஞ்ச நாளில் வாசலில் காவல்காரர், "இன்னிக்கு வேணாமாம்க்கா, தேவைப்பட்டா கூப்பிடறாங்களாம்" என்றார். நாங்கள் எல்லோரும் ஒப்பந்த ஆட்கள், எங்களை வேலையை விட்டு நீக்கவே வேண்டியதில்லை, கூப்பிடாமல் இருந்தாலே போதும். அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். காவல்காரர் தலையைக் குனிந்துகொண்டே, "என்னை ஏன்க்கா தினமும் பாவம் பண்ண வைக்கறீங்க" என்றாராம். அதோடு நிறுத்திவிட்டாள்.

நீ கேட்பாய், சேர்ந்து போய்க் கேட்டிருக்கலாமே என்று. கேட்டோம். நான்கைந்து பேர்தான் போனோம். சூப்பர்வைசர் எல்லோரையும் அனுப்பிவிட்டு என்னை மட்டும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா" என்றார். ஏன் இல்லை? பேசினது அக்கா, பேச வைத்தது என் மகள், கூட்டிக்கொண்டு வந்தது நான். வருத்தம் என் மேல்தானே வர வேண்டும்? வெளியே வந்ததும் ரோலர்காரர் சொன்னார், "உங்களைத் தொட்டா உங்க பொண்ணு நாளைக்கு இன்னொரு மேடை ஏறும்னு பயம். அந்தம்மாவுக்கு யாரு ஏறுவா?" அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணியை இழுத்துவிடப் போய்விட்டார். பாப்பா, உன் படிப்பு எனக்குக் குடையாக இருக்கிறது. அந்தக் குடைக்குள் ஒருத்திக்குத்தான் இடம். மழையைக் கூப்பிட்டவள் நீ, நனைந்தவள் அவள்.

இப்போது அவள் நின்ற முனையில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். மடிப்பு மேசையிலிருந்து உருளைக்கு மாற்றுவது இங்கே கௌரவம், கேட்டுக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள், நான் கேட்காமல் கிடைத்தது. வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன், "அப்ப வேற யாரையாவது கூப்பிட்டுக்கறோம்" என்றார், அந்தக் கூப்பிடுகிற வார்த்தை எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது, போய் நின்றுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் நான் உட்கார்ந்தால் பேச்சு பாதியில் நிற்கிறது. ஒருத்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், "பார்த்துப் பேசுங்கடி, அவ பக்கத்துல பேசினா மேடையில வந்துடும்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. வீட்டில் அப்பாவிடம் சொன்னால், "அந்தப் படிப்புக்குச் சமூக நீதின்னு பேர் வச்சவன் யாரு, அவனைக் கூட்டிட்டு வா, நம்ம தெருவுல தண்ணி வர்ற வரிசையில நிறுத்தலாம்" என்கிறார். அவருக்கு எல்லாம் கேலி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், காலையிலிருந்து குழந்தைகளோடு பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டார். ஆனால் அவரும் அக்காவின் வீட்டுத் தெரு வழியாக வேனை ஓட்டுவதில்லை இப்போது, சுற்றிக்கொண்டு போகிறார்.

அக்காவின் வேலை போனதை நான் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. முதலில் "ஐயோ" என்றாய். அது உண்மையான ஐயோ, அதை நான் கேட்டேன். பிறகு, "அம்மா, சம்மதம் அவங்க குரல்லயே பதிவாயிருக்கு, எங்க பல்கலைக்கழக நெறிமுறைக் குழு பார்த்து ஒத்துக்கிட்டாங்க" என்றாய். பிறகு, "தனி மனுஷங்க மேல பழி போட்டா அமைப்பு தப்பிச்சுக்கும்மா, அமைப்பைப் பார்க்கணும்" என்றாய். சரி, பார்த்தேன். அமைப்பு அக்காவை வெளியே அனுப்பியது, என்னை உள்ளே வைத்துக்கொண்டது. ஏன் என்று பார்த்தால் நடுவில் நீ நிற்கிறாய், உன் பின்னால் உன் பல்கலைக்கழகம் நிற்கிறது. அதுவும் அமைப்புதானே? இல்லை, அது எங்களை நின்று பார்க்கிற இடம் மட்டும்தானா? தெரியாது, படித்தவள் இல்லை என்று நான் சொல்லலாம், அப்படிச் சொல்லி இதிலிருந்து நீ நழுவ முடியாது, நீ படித்தவள்தானே, சொல்.

அதற்குப் பிறகு நீ கேட்டதுதான் என்னை இந்தத் தாளை எடுக்க வைத்தது. "அம்மா, அடுத்த மாசம் இன்னொரு கருத்தரங்கு, இதைவிடப் பெரிசு. வேலை போனதைப் பத்தி அக்கா அவங்க வாயால சொன்னா ரொம்ப முக்கியமான சாட்சியா இருக்கும். நீயே உன் போன்ல பதிவு பண்ணி அனுப்பேன்" என்றாய். நீ கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று தெரியும். அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்துக் கேட்டாய். ஆனால் வீடு எரிந்தவளிடம் போய், எப்படி எரிந்தது என்று இன்னொரு முறை நன்றாகச் சொல், சத்தம் தெளிவாக விழவில்லை என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீயே யோசித்துப் பார். ஆனாலும் நான் உன்னிடம் முடியாது என்று சொல்லவில்லை. நேரிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று போனேன், அவள் சொல்வதை அவள் சொல்லட்டும் என்று.

அவள் இப்போது ஒரு மாணவர் விடுதியின் சமையலறையில் தட்டுக் கழுவுகிறாள். பின்வாசலில் ஒரு தொட்டி, அதன் பக்கத்தில் தலைக்கு மேல் அடுக்கிய தட்டுகள், தரையெல்லாம் ஈரம், அவள் காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டே சத்தமாக ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள், அநேகமாக உன்னைப் போன்ற பிள்ளைகள்தான். "வா மடிப்பு, எங்க உன் போன்?" என்றாள் என்னைப் பார்த்ததும். கேலியாகத்தான். நான் அவளிடம் நீ கேட்டதைச் சொன்னேன். அவள் ஒரு தட்டை நீண்ட நேரம் தேய்த்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "உன் பொண்ணு கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன், சொன்னேனா இல்லையா?" என்றாள். சொன்னாய் என்றேன். "வீட்டுக்காரர் குடிக்கறாரான்னு கேட்டுச்சு, சொன்னேன். எங்க பிறந்தேன், எது வரைக்கும் படிச்சேன், எதுக்கு நிறுத்தினேன், எல்லாம் கேட்டுச்சு, சொன்னேன். நான் ஒரு கேள்வி கூடக் கேக்கல, எனக்குக் கேக்கணும்னே தோணல, படிக்கற பொண்ணு, அதுக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சேன். இப்ப ஒண்ணு கேக்கறேன், பதில் வாங்கிட்டு வா. அப்புறம் எத்தனை வேணா பேசறேன், அது மேடையில போட்டாலும் சரி, மைக் வச்சு ஊர் ஊரா போட்டாலும் சரி." அந்தக் கேள்வியை நான் கடைசியில் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு வேலையில் இன்னொரு பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள், மாடிப்படி அதிகம் என்று புலம்புகிறான். உன் படத்தைத் தன் போனிலிருந்து அழித்துவிட்டான், நான் சொல்லவில்லை, அவனாகவே. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றபாடில்லை, வாளி வைத்திருக்கிறோம். நீ விட்டுப்போன நீலச் சால்வையை நான் போர்த்திக்கொள்கிறேன், அதைக் கேட்காதே. எனக்கு இந்த வேலை இன்னும் எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை, உருளைப் பக்கம் நின்றால் முகம் காய்கிறது, வீட்டுக்கு வந்து படுத்தாலும் இடுப்பில் அந்த அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ படிப்பை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே. உன்னைப் போல் யாராவது கேட்காவிட்டால் அந்தப் பட்டன் இன்னும் டேப்பை ஒட்டிக்கொண்டு செத்தேதான் கிடக்கும். படி. நிறையப் படி. ஆனால் ஒருவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதற்கு முன்னால், அது திரும்பி வந்து யார் வாசலில் நிற்கும் என்று பார்த்துக்கொள், உன் புத்தகங்களில் அதற்கு ஒரு பாடம் இல்லையென்றால் நீயாவது எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப் போடாமல் காட்டு, வலி வந்தபிறகு ஓடாதே. அறையில் ஈரத்துணியைக் காயப்போடாதே, மார்பில் சளி கட்டும். அப்பா உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னார், நானும் ஆசீர்வதிக்கிறேன், நீ நல்லபடியாக, தலை நிமிர்ந்து, யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும், உன்னைக் கண்டு யாரும் பயப்படும்படியும் இருக்கக் கூடாது.

அக்காவின் கேள்வி இதுதான், அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "அந்த மேடையில என் குரலைப் போடறதுக்கு முன்னாடி, எனக்கு இப்படி ஆகலாம்னு உன் பொண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா?" இதை நான் போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டேன், நீ வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டாய், ஞாயிற்றுக்கிழமை என்ன வகுப்பு என்று நானும் கேட்கவில்லை. முந்தாநாள் திரும்பவும் கூப்பிட்டுக் கேட்டேன், "அது அவ்வளவு எளிமையா சொல்ற விஷயம் இல்லம்மா" என்றாய். தினமும் அவள் வீட்டைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன், அவள் வாசலில் நின்று புருவத்தை உயர்த்துகிறாள், நான் இன்னும் இல்லை என்று தலையசைத்துவிட்டுப் போகிறேன். உன் பேராசிரியரைக் கேட்காதே, குழுவைக் கேட்காதே, அவளுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும், அதனால் பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். தெரியும் என்றால் தெரியும் என்று எழுது. தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. எழுது பாப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா